நாத்தனாரிடம் கேட்காத கேள்வி

அவள் டாக்டர் இல்லை. அதை அவளே வாய் வலிக்கச் சொல்லிவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள். ஆனாலும் தெருமுனை டீக்கடையில் வழி கேட்டால், "முட்டி டாக்டரா? டயர் கடை மாடி" என்றுதான் பதில் வரும். அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. குதிகால், கெண்டைக்கால், இடுப்பு என்று வேறெங்கோ இருக்கும். பெயர் வைக்கிறவர்கள் இதையெல்லாம் விசாரித்துவிட்டா வைக்கிறார்கள்? நாமும் முட்டி டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு பெரிய அறை. சின்ன அறையில் வரவேற்பு மேசை. பெரிய அறையில் ஒரு ஒல்லிக் கட்டில், ஆள் உயரக் கண்ணாடி, சுவரில் வண்ண வண்ணமாகத் தொங்கும் ரப்பர் பட்டைகள், ஜன்னலோரம் ஒரு ட்ரெட்மில். அறை முழுக்க ரப்பர் வாசனை அடிக்கும். பட்டைகளின் வாசனை என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது கீழே டயரின் வாசனை. டயர் கடையில் காற்றடிக்கும்போது சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். ட்ரெட்மில்லில் இருப்பவர் துள்ளி விழுவார். முட்டி டாக்டர் துள்ள மாட்டாள். துள்ளியவர் எந்தக் காலில் இறங்கினார் என்று பார்த்துக்கொள்வாள். வலிக்கிற காலில் யாரும் தெரியாத்தனமாகக்கூட இறங்க மாட்டார்கள். தன் கடைக்கு மாடி வைத்தியத்தில் இவ்வளவு பங்கு இருப்பது டயர் கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிறவர்கள். ஓடுகிறவர்கள் ஒரு தனி ரகம். மற்ற நோயாளிகள் "வலிக்குது" என்று வருவார்கள். இவர்கள் "வலியெல்லாம் இல்ல, சும்மா காட்டிட்டுப் போகலாம்னு" என்று நொண்டிக்கொண்டே வருவார்கள். லேசாக வலிக்கிறது என்றால் படி ஏற முடியவில்லை என்று அர்த்தம். நேற்று ஓடவில்லை என்றால் இன்று காலையில் ஓடியாகிவிட்டது என்று அர்த்தம். குணமாக வேண்டும் என்று இவர்கள் வருவதில்லை. ஓடலாம் என்று யாராவது ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வருகிறார்கள். ஓய்வெடு என்று சொன்னால் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அதனால் முட்டி டாக்டர் காலைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்பாள். போன மாதம் எவ்வளவு ஓடினாய், இந்த மாதம் எவ்வளவு? புது ஷூவா? மேடு ஏறினாயா? ராத்திரி படுத்தபிறகும் வலிக்கிறதா? பெண்களாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி உண்டு. வயிறாரச் சாப்பிடுகிறாயா? பீரியட்ஸ் மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா?

கால்வலிக்கு வந்த இடத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் முறைப்பார்கள். முறைப்பை அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லையென்றால் உடம்பு சிக்கனத்தில் இறங்கிவிடும். முதலில் மாதவிடாயை நிறுத்தும். அப்புறம் எலும்பில் கை வைக்கும். எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், அதன்மேலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் முறியும். பல விரிசல்களை அவள் இந்தக் கேள்வியில்தான் பிடித்திருக்கிறாள். போலீஸ் அதிகாரி, கல்லூரி முதல்வர், கல்யாணம் நிச்சயமான பெண், கூடவே வந்த அந்தப் பெண்ணின் வருங்கால மாமியார் என்று ஒருத்தரையும் விட்டதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் வரவேற்பு அக்கா, "கொஞ்சம் மெதுவாக் கேக்கக் கூடாதா? எனக்கே கூச்சமா இருக்கு" என்று கெஞ்சியிருக்கிறாள்.

இப்படி ஊரையெல்லாம் கேட்டவள் ஒரே ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளுடைய நாத்தனாரிடம்.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் பாப்பா. வயது முப்பத்தொன்பது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அங்கே யாராவது பாப்பா என்று சொல்லிப் பார்க்கட்டும், மைதானத்தைச் சுற்றவிட்டே ஆளைச் சாகடித்துவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருக்கிறாள். கல்லூரியில் நல்ல ஓட்டக்காரி. மாநில அணியில் சேர ஒரு இடம் பின்தங்கி வாய்ப்பு போனவள். மறுபடி ஓட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. அதிலும் கடைசி ஒரு வருஷமாக ஆள் நூலாக இளைத்து, ஓட்டத்தில் பறக்கிறாள். முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கென்று நடக்கும் மூத்தோர் ஓட்டம் வருகிறது, அதில் முன்னால் வந்தால் மாநில அணியில் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்குக் கைநழுவிப் போனது திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. அவளை யாராவது பிடித்து உட்காரவைக்க முடியுமா?

பாப்பாவிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்றால், அதற்குக் கல்யாண மேடைக்குப் போக வேண்டும். முட்டி டாக்டர் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். படித்ததெல்லாம் தலைக்குள் சூடாக இருந்தது. மணப்பெண்ணாக மேடையில் நிற்கிறாள். மாப்பிள்ளையின் தங்கை போட்டோவுக்காகப் படியேறி வருகிறாள். வருகிற பெண்ணின் புடவையைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்கலாம். இவள் பாதத்தைப் பார்த்தாள். பார்த்துத் தொலைத்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உன் இடது பாதம் உள்பக்கமா சாயுது. இப்பவே கவனிச்சுக்கோ, பின்னாடி தொந்தரவு" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் க்ளிக் செய்தார். குடும்பமே சிரிக்க, பாப்பா மட்டும் குனிந்து தன் காலைப் பார்க்கிற படம் மாமியார் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது.

"வந்த அன்னிக்கே என் பொண்ணு கால்ல குறை கண்டுபிடிச்சவ" என்றுதான் மாமியார் உறவுக்காரர்களுக்கு மருமகளை அறிமுகம் செய்துவைப்பார். பாப்பா சண்டையெல்லாம் போடவில்லை. அண்ணியின் முன்னால் நடப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். இவள் அறைக்குள் வந்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். பதினேழு வருஷமாக இப்படித்தான். முட்டி டாக்டரும் பட்டது போதும் என்று, பாப்பாவின் உடம்பைப் பற்றித் தன் வாயால் ஒரு வார்த்தை வராது என்று முடிவெடுத்துவிட்டாள்.

அப்படிப்பட்ட பாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, தானாக வாயைத் திறந்தாள்.

"அண்ணி, தொடை இடுக்குல ஒரு மாதிரி இருக்கு. ஓடினா பிடிக்குது. என்னன்னு பாக்கறீங்களா?"

முட்டி டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் தானாக வந்து கேட்கிறாள்! சோபாவிலேயே அவளை உட்காரவைத்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் தன் முஷ்டியை வைத்து, "அழுத்து" என்றாள். பாப்பா அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"லேசா."

லேசாக என்று ஓடுகிறவர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அன்றைக்கு மட்டும் அது காதில் ஏறவில்லை. "உள்தொடைத் தசை லேசா இழுத்துக்கிச்சு. பந்தை முட்டிக்கு நடுவுல வெச்சு அழுத்திப் பழகு. மெதுவா ஓடலாம், பரவாயில்ல" என்றாள்.

"தேங்க்ஸ் அண்ணி" என்றாள் பாப்பா. அந்த வார்த்தையும் அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் முட்டி டாக்டர் பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். வீட்டுக்காரர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

முன்பின் தெரியாத ஒரு பெண் இதே வலியோடு டயர் கடை மாடிக்கு வந்திருந்தால் கட்டிலில் படுக்கவைத்து, இடுப்பை மடக்கித் திருப்பிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டாள். கேள்விகளில் ஒன்றைக்கூடக் குறைத்திருக்க மாட்டாள். ஆனால் இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் கூடப்பிறந்த அண்ணன், நடுவில் டிவி. சரி, தனியாக இருந்தால் கேட்டிருப்பாளா? மாட்டாள். உனக்கு மாதா மாதம் வருகிறதா என்று கல்யாணமாகாத நாத்தனாரிடம் அண்ணி கேட்டால் அது வைத்தியக் கேள்வியா? அது குடும்பக் கேள்வி. அதற்குள் இருபது கேள்வி ஒளிந்திருக்கும், அத்தனைக்கும் மாமியார் பதில் சொல்வார்.

கொஞ்ச நாள் கழித்து மாமியாரிடமிருந்து போன் வந்தது. மகன் எடுக்காவிட்டால் மருமகளைக் கூப்பிடுவது அவர் வழக்கம். முட்டி டாக்டர் ஒருத்தரின் குதிகாலை அழுத்திக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தலகாணி வாங்கிட்டு வாம்மா" என்றார் மாமியார். "என்னோடத பாப்பா எடுத்துக்கறா. ரெண்டு காலுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டாத்தான் படுக்க முடியுதாம். அப்பவும் தூக்கம் இல்ல. விடிய விடியப் புரண்டுக்கிட்டே இருக்கா. தசைன்னு சொன்னியே, தசை இப்படியா படுத்தும்?"

குதிகாலில் அவள் கை அப்படியே நின்றது. தசைப்பிடிப்பு படுத்தால் அடங்கும். படுத்தபிறகும் தூங்கவிடாத வலி எலும்பினுடையது. "தசை இல்ல அத்தை" என்றாள். கட்டிலில் படுத்திருந்தவர், "அப்ப என்னோடது?" என்று எழுந்து உட்கார்ந்தார். உங்களுடையது தசைதான், படுங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே தலையணையோடு மாமியார் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரரும் கூட வந்தார். பாப்பாவைப் படுக்கவைத்து, இடது முட்டியை மடக்கி, இடுப்பை உள்பக்கமாக மெல்லத் திருப்பினாள். பாப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கை மட்டும் படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்தது.

"பாப்பா, இது எலும்பு. தொடை எலும்பு மேல போய் ஒரு கழுத்து மாதிரி வளையும், அதுக்கு மேல உருண்டை. அந்தக் கழுத்துல விரிசல் இருக்குமோன்னு பயமா இருக்கு. இனிமே ஒரு அடிகூட ஓடாதே. ஸ்கேன் எடுத்தாகணும்."

"நீங்கதானே தசைன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அன்னிக்குத் தசை, இன்னிக்கு எலும்பு. நாளைக்கு என்ன சொல்வீங்க?" என்றாள் பாப்பா. கேட்டதில் நியாயம் இருந்தது. "எனக்கு அணியில இடம் கிடைக்கப் போற நேரமாப் பாத்து விரிசல் விழுதாக்கும்."

கதவருகே நின்ற மாமியார், "அன்னிக்குப் பாதம், இன்னிக்கு இடுப்பு. இன்னும் மேல வர்றதுக்கு எவ்வளவு வருஷம் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

முட்டி டாக்டருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டு, "அது முறிஞ்சா உருண்டைக்கு ரத்தம் போறது நின்னுடலாம், பாப்பா. மூட்டையே மாத்த வேண்டி வரும். ஓட்டத்தை விடு, மைதானத்துல நின்னு விசில் ஊதறதே பெரும்பாடாயிடும்" என்றாள். அப்போதும் அந்த இரண்டு கேள்வியைக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. மாமியார் கதவைவிட்டு நகரவில்லை.

மறுநாள் பாப்பா எலும்பு டாக்டரிடம் போனாள். அண்ணன்தான் காரில் அழைத்துப் போனார். வந்ததும் எக்ஸ்ரே உறையை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள்.

"நார்மல். டாக்டரே சொல்லிட்டார்."

"அப்புறம் என்ன சொன்னார்?"

"அவ்வளவுதான் சொன்னார்."

எலும்பு டாக்டரை முட்டி டாக்டருக்கு நன்றாகத் தெரியும். கவனமான மனிதர். இந்த மாதிரி விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது என்று சொல்லாமல் யாரையும் அனுப்பமாட்டார். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். தன் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் பதினேழு வருஷமாக ஒரு அபிப்பிராயமும் சொல்லாமல் காலம் தள்ளியவர் அவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்ததும் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். குவளை காலியாகிவிட்டது.

"எக்ஸ்ரேல தெரியாதுன்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு," என்றார். "ஸ்கேன் எடுக்கற வரைக்கும் ஓடக் கூடாதுன்னும் சொன்ன மாதிரி... எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"அண்ணா!" என்றாள் பாப்பா.

"ஞாபகம் இல்லன்னுதானே சொன்னேன்" என்றார் அவர்.

கடைசியில் பாப்பா இறங்கி வந்தாள். ஓட்டத்துக்குப் போகமாட்டேன், பள்ளியில் பரீட்சை வேலை முடிந்ததும் ஸ்கேன் எடுக்கிறேன் என்றாள். சொன்ன மாதிரியே காலை ஓட்டத்தை நிறுத்தினாள் என்று மாமியாரும் போனில் சாட்சி சொன்னார். ஓடுகிறவர்கள் சொல்வதை நம்பக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள், நாத்தனார் சொன்னதை நம்பினாள். நம்பாவிட்டால் மறுபடி சண்டை வரும், அது ஒன்றுதான் காரணம்.

மூத்தோர் ஓட்டத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் முட்டி டாக்டருக்கு வேலை. வருஷா வருஷம் போகிறாள். கொப்புளத்துக்கு ஒட்டுப்போடுவதும், பிடித்துக்கொண்ட கெண்டைக்காலை நீவிவிடுவதும், ஓட வேண்டாம் என்று சொல்வதும், அதைக் கேட்காமல் ஓடுகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதும்தான் அங்கே வேலை. பஞ்சு எடுக்கத் திரும்பியவள் கூடாரத்துக்கு எதிரே தன் வீட்டுக் கார் நிற்பதைப் பார்த்தாள். காருக்குள் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கூப்பிட்டா. வந்தேன்" என்றார் அவர். "நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்."

"எங்க அவ?"

அவர் பேப்பரை மடித்துப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் காட்டினார்.

ஓட்டம் எங்கே நடந்தாலும் பெண்கள் கழிப்பறை முன்னால் ஒரு நீள வரிசை நிற்கும். வரிசையின் நடுவில் பாப்பா, மார்பில் எண் குத்திக்கொண்டு நின்றாள். எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று மற்ற காலைப் பின்னால் மடக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா இடது காலை மட்டும்தான் மடக்கினாள். இடது காலில் நிற்கவே இல்லை.

"வலி மாத்திரை போட்டுட்டுத்தானே வந்திருக்கே?" என்றாள் முட்டி டாக்டர்.

"இங்க வந்து ஆரம்பிக்காதீங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப என்ன, இந்தக் கால்ல குதிச்சுக் காட்டணுமா? காட்டறேன்" என்று பாப்பா வலது காலைத் தூக்கப் போனாள்.

"குதிக்காதே!"

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரே பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். முட்டி டாக்டர் பாய்ந்து நாத்தனாரின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். விரிசல் விழுந்த கழுத்துக்கு ஒரு குதி போதும். பிடித்த கைக்குள் பாப்பாவின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. இத்தனை வருஷத்தில் அவளைத் தொட்டது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். இவள் இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அந்தக் கைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். மெதுவாகக் கேட்கும் வழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே.

"பாப்பா, உனக்குக் கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"

வரிசையில் மடக்கியிருந்த கால்களெல்லாம் தரைக்கு இறங்கின. பாப்பாவின் முகம் சிவந்தது. விடுங்க என்று திமிறுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று முட்டி டாக்டர் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பாப்பா திமிறவில்லை. "போன வருஷம்" என்றாள்.

"போன வருஷம்னா?"

"போன வருஷம் மழைக்காலத்துல வந்தது. அப்புறம் வரவே இல்ல." குரல் தரையைப் பார்த்துப் போயிற்று. "நின்னுபோச்சு அண்ணி. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். இந்த வயசுலயேவான்னு ஒரு நாள் உக்காந்து அழுதேன். கல்யாணம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன், குழந்தை வேணும்னு நினைச்சதுகூட இல்ல. ஆனாலும் ஒரேயடியா கதவைச் சாத்திட்ட மாதிரி இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது? அம்மாகிட்டயா? ஓடும்போது மட்டும்தான் எனக்கு வயசாகாத மாதிரி இருக்கு. அதான் ஓடறேன்."

"லூசு," என்றாள் முட்டி டாக்டர். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வயசு இல்லடி. நீ சாப்பிடாம ஓடறே. உடம்பு எங்கே குறைக்கலாம்னு பாத்து அதை நிறுத்திடுச்சு. அதேதான் எலும்பையும் தின்னுது. பரிசோதனை பண்ணிப் பாக்கலாம். சாப்பிட்டு ஓய்வா இருந்தா திரும்பி வரலாம். வந்திருக்கு, எத்தனையோ பேருக்கு வந்திருக்கு."

"திரும்பி வருமா?"

"வரலாம். ஆனா இன்னிக்கு ஓடினேன்னா இடுப்பு திரும்பி வராது."

பாப்பாவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "எனக்கும் நாலு மாசமா வரல. நானும் வயசுன்னுதான்..."

"நீங்க நாளைக்கு டயர் கடை மாடிக்கு வாங்க" என்றாள் முட்டி டாக்டர், நாத்தனாரை விடாமலே.

எல்லோரும் தொடக்கக் கோட்டுக்கு வாருங்கள் என்று மைக் கூப்பிட்டது. வரிசை கலைந்து ஓடியது. பாப்பா கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஜெயித்துவிடக்கூடிய ஓட்டம் அது, அதில் சந்தேகமே இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு, கூட்டம் திரும்பி மறைகிறவரை பார்த்தாள். பிறகு மார்பிலிருந்த எண்ணை, ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தாள். அழுதாள். வாய்விட்டே அழுதாள். முட்டி டாக்டர் அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடது கால் தரையில் படாமல், காருக்கு அழைத்துப் போனாள். வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அன்றைக்கு அவருக்குத் தகுதியும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து பார்த்தார். கழுத்தின் கீழ்ப்பக்கம் விரிசல், பாதிவரை போயிருந்தது. மேல்பக்கமாக இருந்திருந்தால் கத்திதான். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கட்டை ஊன்றி நடக்கட்டும், இடது கால் பல வாரம் தரையைத் தொடக் கூடாது, சாப்பாட்டையும் ரத்தத்தையும் பார்க்க வேறொரு டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். அம்மா வீட்டில் படி அதிகம் என்பதால் பாப்பா அண்ணன் வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. அவளைத் தனியாக விட முடியாது, நானும் வருகிறேன் என்று மாமியார் போனில் சொன்னார். தலையணையைக் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

ஸ்கேன் அறை வாசலில், சக்கர நாற்காலியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் முட்டி டாக்டர். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"அண்ணி."

"ம்?"

"ஊர்ல இருக்கற அத்தனை பொண்ணுங்ககிட்டயும் அதைக் கேப்பீங்களாமே. என் ஸ்கூல்லருந்து உங்ககிட்ட வந்த பொண்ணுங்க எல்லாம் சொல்லிச் சிரிக்கும். நான் அன்னிக்கு சோபாவுல வந்து உக்காந்தப்ப, நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் வந்தேன்."

முட்டி டாக்டர் சட்டென்று திரும்பினாள். "தொடை வலின்னு..."

"தொடை வலியும்தான். ஆனா நீங்க கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நானா எப்படிச் சொல்றது? நீங்க முஷ்டியை வெச்சு அழுத்துன்னீங்க. அவ்வளவுதான். எழுந்து போயிட்டேன்."

"நீ தப்பா எடுத்துப்பேன்னு பயந்துட்டேன், பாப்பா."

"தப்பாத்தான் எடுத்திருப்பேன்," என்றாள் பாப்பா. "ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அதனால என்ன? நீங்க கேட்டிருக்கணும்."

ஆமாம், கேட்டிருக்க வேண்டும். முட்டி டாக்டர் எழுந்தாள். பெஞ்சை நாற்காலிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டாள்.

"அரை வாழைப்பழம்."

"நேத்து ராத்திரி?"

பாப்பா சக்கரத்தைத் தள்ளி நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள்.